மடங்க மறுக்கும் குழல்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்குப் போனவர்கள் பலூன் கடையைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. தட்டியில் வரிசையாகப் பலூன்கள், முன்னால் ஒரு பெஞ்சு, அதன்மேல் பெயின்ட் உதிர்ந்த ஏர் கன். கடைக்காரர் வாய்ப்பேச்சை நிறுத்தாமலே குழல் நுனியைத் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவார். குழல் மடங்கும். ஈயக் குண்டை நுழைப்பார், நிமிர்த்துவார், உங்கள் கையில் கொடுப்பார். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் இதே வேலை. துப்பாக்கியும் சலிக்காது, அவரும் சலிக்க மாட்டார்.

அதே சாதித் துப்பாக்கி ஒன்று யார் வீட்டுப் பீரோவிலாவது பழைய வேட்டியில் சுற்றிப் பத்து வருஷம் படுத்துக் கிடந்தால்? எடுத்து மடக்கிப் பாருங்கள். முழங்கால் நடுவில் வைத்து இரண்டு கையாலும் இழுத்தால்கூட அசைந்து கொடுக்காது.

நாள் முழுக்க உழைத்தது லகுவாக இருக்கிறது, சும்மா இருந்தது விறைத்துப் போகிறது. சைக்கிளும் குழாயும் பெட்டிப் பூட்டும் இப்படித்தான். "ஓட்டாம வச்சா வண்டி கெட்டுப்போகும்" என்று எல்லோரும் சொல்கிறோம். ஏன் கெடுகிறது என்று கேட்டால் பதில் "துருப்பிடிச்சிரும்ல?" என்பதோடு நின்றுவிடும். துரு பாதிப் பதில்தான், சில சமயம் பாதிகூட இல்லை.

தளவாய்புரத்தில் ஒரு மாலை

ராஜபாளையத்துக்குத் தெற்கே இருக்கும் தளவாய்புரம் நைட்டிக்குப் பேர்போன ஊர். தளவாய் என்றால் படைத்தலைவர். படைத்தலைவர் பெயரில் இருக்கிற ஊரில் இன்று காதில் விழும் சத்தமெல்லாம் பவர் மிஷின்களின் சத்தம். அங்கே தையல் யூனிட் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் ஒருநாள் போன் செய்தார்.

"தம்பி, ஒரு பழைய பிஸ்டல் விலைக்கு வருது. ஏர் பிஸ்டல்தான், பயப்படாதீங்க. ஜெர்மன் சரக்காம். ஆனா தெறக்கவே மாட்டேங்குது. வாங்கலாமா, வேணாமான்னு வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க."

போனேன். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், மடியில் தோல் உறையோடு உட்கார்ந்திருந்தார். உறைக்குள் 4.5 மில்லிமீட்டர் குழலுடைய கைத்துப்பாக்கி. ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான் போடலாம். ஒவ்வொரு முறையும் குழலை மடக்க வேண்டும். மடக்கும்போதே உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அமுங்கிக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விசையை அழுத்தினால் ஸ்பிரிங் விடுபட்டுப் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றை நெருக்கும், நெருங்கிய காற்று குண்டைத் தள்ளும். உள்ளே வெடிமருந்து கிடையாது, கேஸ் சிலிண்டரும் கிடையாது. துப்பாக்கிக்கு வேண்டிய சக்தி முழுக்க உங்கள் கையிலிருந்துதான் போகிறது.

"ஸ்பிரிங் இன்னும் புதுசு கணக்கா இருக்கு. அதான் இவ்வளவு டைட்டு" என்றார் பெரியவர். விற்கிறவர் அப்படித்தானே சொல்வார்!

இங்கே சட்டத்தைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கி, எவ்வளவு பழசானாலும், ஒற்றைக்குழல் ஆனாலும், 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. ஏர் கன் கதை வேறு. 2016 ஆயுத விதிகளின்படி குழலின் உள்விட்டம் 0.177 அங்குலத்தையும், குண்டு வெளிவரும்போது அதன் ஆற்றல் 20 ஜூலையும் தாண்டாதவற்றுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதற்காகத் தோப்பில் போய் அணிலையும் கொக்கையும் குறிபார்க்கலாம் என்று அர்த்தமில்லை. 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. மேற்கே தெரியும் மலையில் 1988இலிருந்து சாம்பல் நிற அணில்களுக்கென்று சரணாலயம் இருக்கிறது. 2021இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. அண்ணாச்சிக்கு வேண்டியது மொட்டை மாடியில் காகித அட்டை சுடுவதுதான். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஜூலை 28 அன்று மனு பாக்கர் வெண்கலம் வாங்கியதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு இந்த ஆசை. மனு பாக்கர் சுட்டதும் இதே 4.5 மில்லிமீட்டர் குண்டுதான். பத்து மீட்டர் தூரத்தில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு.

விறைப்பில் இரண்டு சாதி

பெரியவர் சொன்னது உண்மையாக இருக்க முடியுமா?

ஸ்பிரிங்கின் குணத்தை முதலில் எழுதிவைத்தவர் ராபர்ட் ஹூக். எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவு எதிர்க்கும், இரண்டு மடங்கு அமுக்கினால் எதிர்ப்பும் இரண்டு மடங்கு. இதை 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டார், யாரும் திருடிவிடக் கூடாதே என்று. 1678இல்தான் விடையை அவிழ்த்தார். அறிவியலாளர்களும் சம்சாரிகள் மாதிரிதான், வேலி போட்டுவிட்டுத்தான் விதைப்பார்கள்.

ஸ்பிரிங்கின் இன்னொரு குணம், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். நீங்கள் அமுக்கச் செலவழித்தது உள்ளே சேமிப்பில் இருக்கும்.

உராய்வு அப்படியில்லை. அதனிடம் கொடுத்தது வெப்பமாகக் கரைந்து போகும், திரும்ப வராது. குழல் மடங்க மறுக்கும்போது கைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். ஸ்பிரிங்கின் விறைப்பு என்றால் துப்பாக்கிக்கு வலு இருக்கிறது. உராய்வின் விறைப்பு என்றால் துப்பாக்கிக்கு நோய் இருக்கிறது. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது இந்த ஒரு வித்தியாசம்தான்.

ஒன்று நிச்சயமாகச் சொல்லலாம். வயதாக ஆக ஸ்பிரிங் வலுப்பதில்லை. அமுங்கியே கிடந்தால், திரும்பத் திரும்ப அமுங்கினால், எஃகின் உள்கட்டமைப்பில் நுண்ணிய நழுவல்கள் நேர்ந்து அது கொஞ்சம் குட்டையாகிவிடும். தையல்காரர்களிடம் இதைச் சொன்னால் உடனே புரியும், பழைய எலாஸ்டிக் மாதிரி. பலூன் கடைத் துப்பாக்கி லகுவாக மடங்குவதற்கு ஒரு காரணம் இதுதான். அதன் ஸ்பிரிங் தொய்ந்துபோயிருக்கும். பலூனுக்கு அந்தச் சக்தி போதும்.

ஆகவே பழைய துப்பாக்கி புதியதைவிட விறைப்பாக இருந்தால், யாரோ தப்பான ஸ்பிரிங்கை மாற்றியிருக்க வேண்டும், அல்லது ஸ்பிரிங் அல்லாத ஏதோ ஒன்று வழிமறிக்கிறது.

பிறவியிலேயே விறைப்பான துப்பாக்கிகளும் உண்டு. ஷான் கானரி ஜேம்ஸ் பாண்டாக நின்று கன்னத்தருகே நீளக் குழல் துப்பாக்கியைப் பிடித்திருக்கும் 1963ஆம் வருஷத்துப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' விளம்பரத்துக்கு எடுத்தது. கையில் இருப்பது உளவாளித் துப்பாக்கியே இல்லை. படப்பிடிப்பு நாளில் உண்மையான துப்பாக்கியைக் கொண்டுவர மறந்துவிட்டார்களாம். புகைப்படக்காரர் டேவிட் ஹர்ன் தன்னிடம் இருந்த வால்தர் எல்.பி. 53 ஏர் பிஸ்டலைக் கொடுத்தார். மடக்குகிற, ஒற்றைக் குண்டு சாதி. உலகத்தைக் காப்பாற்றப் போன 007 கையில் இருந்தது கிட்டத்தட்ட நம் பலூன் கடைச் சரக்குதான். 2010இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 2,77,250 பவுண்டுக்குப் போனது. அந்த மாடலில் ஸ்பிரிங் கைப்பிடிக்குள் இருக்கும், குழலோ பார்வைக்கு நீளம், நெம்புவதற்குக் குட்டை. மடக்கும்போது உள்ளங்கையில் குத்தாமல் இருக்கக் குழல் முனையில் பொருத்திக்கொள்ள ஒரு மரக் குமிழையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இது நோயில்லை, அதன் பிறவிக் குணம்.

எவ்வளவு பாரம் நியாயம்?

அண்ணாச்சியின் யூனிட்டில் வேஸ்ட் துணி மூட்டையை எடைபோடக் கொக்கி வைத்த டிஜிட்டல் தராசு ஒன்று தொங்கும். அதைக் கழற்றச் சொன்னேன். கண்ணால் பார்த்தும் கையால் இழுத்தும் சொல்வதைவிடக் கொக்கித் தராசு சொல்வது மேல்.

அதற்கு முன்னால் ஒரு கணக்கு. இந்த ரகத் துப்பாக்கியில் அரை கிராம் குண்டு, விநாடிக்கு 110 மீட்டர் வேகத்தில் வெளியே வந்தால் அதன் ஆற்றல் 3 ஜூல். 3 ஜூல் என்பது ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தரையிலிருந்து ஓர் அடி தூக்க ஆகும் உழைப்பு. ஸ்பிரிங்கில் சேமித்ததெல்லாம் குண்டுக்குப் போய்ச் சேராது. காற்று சூடாவதிலும் பிஸ்டன் இடிப்பதிலும் பெரும்பகுதி தொலையும், மூன்றில் ஒரு பங்கு போய்ச் சேர்ந்தால் நல்ல துப்பாக்கி. ஆகவே ஸ்பிரிங்கில் சுமார் 9 ஜூல் ஏற்ற வேண்டும். அதாவது ஒரு கிலோவை மூன்று அடி தூக்க வேண்டும்.

ஆனால் நமக்கு மூன்று அடி இல்லை. குழல் நுனியைப் பிடித்து மடக்கும்போது கை நகர்வது ஏறக்குறைய அரையடி, 15 சென்டிமீட்டர். மூன்று அடியில் செய்ய வேண்டிய வேலையை அரையடியில் முடிக்க வேண்டுமென்றால் பாரம் ஆறு மடங்கு, 6 கிலோ. இது சராசரி. ஹூக் சொன்னபடி ஆரம்பத்தில் குறைவாகவும் முடிவில் கூடுதலாகவும் இருக்கும். நெம்புகோலின் கோணம் மாறுவதால் இன்னும் சில கோணல்களும் உண்டு, அதை விட்டுவிடுவோம். நடுவழியில் ஆறு, ஆறரை கிலோ காட்டினால் நியாயம்.

முதலில் குழலில் குண்டு இல்லையென்று உறுதி செய்தோம். விசைப்பக்கம் யார் விரலும் போகக் கூடாது என்றேன். பாதி மடங்கிய குழல் கைதவறினால் படாரென்று நிமிரும், நடுவில் விரல் இருந்தால் எலும்பு தப்பாது. மிஷின் மெக்கானிக் தம்பி துப்பாக்கியின் உடலை வைஸில் துணி சுற்றிக் கவ்வவைத்தார். அண்ணாச்சி கொக்கியைக் குழல் நுனியில் மாட்டி இழுத்தார்.

பாதி மடங்கியபோது தராசு 11 கிலோ காட்டியது.

"பாத்தீங்களா, ஸ்பிரிங்கு!" என்றார் பெரியவர்.

கப்பி சொல்லும் பாடம்

கிணற்றில் எண்ணெய் காணாத கப்பியில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வாளியை மேலே இழுக்கும்போது பாரம் கூடும். அதே வாளியை மெல்ல உள்ளே இறக்கும்போது கயிறு கையை அவ்வளவாக இழுக்காது. வாளியும் அதே, தண்ணீரும் அதே. இழுக்கும்போது கப்பியின் உராய்வு உங்களுக்கு எதிராக நிற்கிறது, இறக்கும்போது உங்களோடு சேர்ந்து வாளியைத் தாங்குகிறது. உராய்வுக்கு நிரந்தர எதிரி கிடையாது. அசைவு எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் சாயும்.

நோயைக் கண்டுபிடிக்க இந்தக் குணம் போதும்.

"அண்ணாச்சி, இப்ப விடாம, மெதுவா, ரொம்ப மெதுவாத் திரும்பப் போகவிடுங்க. அதே பாதி இடத்துல தராசு என்ன காட்டுதுன்னு பாருங்க."

2 கிலோ.

மடக்கும்போது 11, திரும்பும்போது 2. போகும்போது காட்டியது ஸ்பிரிங்கும் உராய்வும் சேர்ந்த பாரம். வரும்போது காட்டியது ஸ்பிரிங்கிலிருந்து உராய்வைக் கழித்த பாரம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் உராய்வு அடிபட்டுப் போய் ஸ்பிரிங் மட்டும் நிற்கும்: ஆறரை கிலோ. இரண்டின் வித்தியாசத்தைப் பாதியாக்கினால் உராய்வு மட்டும் நிற்கும்: நாலரை கிலோ.

ஸ்பிரிங் நம் கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. யாரும் மாற்றவில்லை, பெரிதாகத் தொய்யவும் இல்லை. விறைப்பில் நாலரை கிலோ வேறு எங்கிருந்தோ வருகிறது. ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது என்று பெரியவர் சொன்னது சரி. அதனால்தான் டைட்டு என்றது தவறு.

எங்கே பிடிக்கிறது என்பதுதான் கேள்வி

இழுக்க ஆரம்பித்தவுடன், குழல் பூட்டிலிருந்து விடுபடும் அந்த முதல் விரற்கடைக்குள் பாரம் எகிறி, பிறகு இறங்கினால் கோளாறு பூட்டில். பாதையெங்கும் சீராகக் கூடுதலாக இருந்தால் குழல் மடங்கும் கீலில். நடுவில் ஓரிடத்தில் மட்டும் நறநறவென்றால் ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது பிஸ்டன் சுவரில் கீறல்.

பூட்டை முதலில் பார்ப்போம். இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று அழுத்திவிட்டுக் கழற்ற முடியாமல் மல்லுக்கட்டாத வீடு உண்டா? டம்ளரின் பக்கம் நேர்க்குத்தாக இல்லாமல் லேசாகச் சரிந்திருக்கும். லேத் பட்டறையில் இதை டேப்பர் என்பார்கள். சரிவு மிகக் குறைவாக இருந்தால், அழுத்தியதை எடுத்த பிறகும் உராய்வே பிடித்துக்கொள்ளும். டிரில் சக்கை வெறுங்கையால் தட்டி ஏற்றிவிட்டு, இறக்க மட்டும் ஆப்பு அடிக்கிறார்களே, அதுவும் இந்தத் தந்திரம்தான். சரிவு கூடுதலானால் பிடிக்காது, வழுக்கிவிடும். குழலைப் பூட்டும் நாக்குக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சரிவு வேண்டும். சுடும்போது திறந்துகொள்ளவும் கூடாது, கையால் இழுத்தால் விடவும் வேண்டும். அழுக்கும் பிசுக்கும் சேர்ந்து உராய்வு கூடிவிட்டால், நேற்றுவரை வழுக்கிய சரிவு இன்று கவ்வும். பலூன் கடைக்காரர் தொடையில் தட்டுவது இந்தக் கவ்வலை உடைக்கத்தான். மெதுவாக இழுத்தால் பத்து கிலோ கேட்கும் பூட்டு, சின்ன அடிக்கு மசிந்துவிடும்.

தோட்டாத் துப்பாக்கியிலும் இதே தலைவலி உண்டு. அமெரிக்காவில் 1967இல் வந்த கன்டெண்டர் என்ற ஒற்றைத் தோட்டா பிஸ்டல் குறிபார்ப்பவர்களிடம் பெரும் பெயர் வாங்கியது. ஒரே உடலுக்குக் குழலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். விசைக்காப்பு வளையத்தின் வாலைப் பின்னுக்கு இழுத்தால் திறக்கும். அதன் பழைய பிரதிகள் திறக்கப் பாடுபடுத்தும் என்பது வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்வது. பூட்டு நாக்கு ஆப்பு மாதிரி இறங்கிக் கவ்வுவது ஒரு காரணம். ஏர் கன்னில் இல்லாத இன்னொரு காரணமும் அங்கே உண்டு. வெடித்த அழுத்தத்தில் பித்தளைத் தோட்டா உறை உப்பிக் குழல் சுவரோடும் பின்சுவரோடும் ஒட்டிக்கொள்ளும். அதனால் தோட்டாத் துப்பாக்கி சுட்ட பிறகு மட்டும் விறைக்கிறதா, காலியாக இருக்கும்போதும் விறைக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சுட்ட பிறகு மட்டும் என்றால் அதைக் கையால் சரிசெய்ய நினைக்காமல் விவரம் தெரிந்த துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுவதே புத்தி.

நம் துப்பாக்கியில் தராசு முதல் விரற்கடையில் எகிறவில்லை. ஆரம்பம் முதல் கடைசி வரை கூடுதலாகவே இருந்தது. நோய் கீலில்.

சும்மா கிடந்தால் என்ன ஆகிறது?

கீல் என்பது ஒரு போல்ட்டைச் சுற்றி இரும்போடு இரும்பு உரசும் இடம். பளபளவென்று இருக்கும் இரும்பைக்கூட மிக நுணுக்கமாகப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். இரண்டு பலாப்பழங்களை ஒட்டி வைத்தது போல முள்நுனிகள் மட்டும்தான் தொட்டுக்கொள்ளும். பாரம் முழுக்க அந்தச் சில நுனிகளில் விழுவதால் அவை நசுங்கி ஒட்டும். அந்த ஒட்டை அறுப்பதுதான் உராய்வு என்று கேம்பிரிட்ஜில் பவுடனும் டேபரும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் விளக்கினார்கள். இந்தத் துறைக்கு உராய்வியல் என்று பெயர். மனிதன் சக்கரம் செய்த நாளிலிருந்து இருக்கும் தொல்லைக்கு 1966இல்தான் ஆங்கிலத்திலேயே ஒரு பெயர் வைத்தார்கள்.

பிரான்சில் கூலம் 1780களில் மரப்பலகையையும் உலோகத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, விட்டுவிட்டு, பிறகு இழுத்துப் பார்த்தார். எவ்வளவு நேரம் சும்மா வைக்கிறோமோ அவ்வளவுக்கு முதல் இழுப்பு கடினமாகியது. நசுங்கிய நுனிகள் நேரம் போகப் போக இன்னும் கொஞ்சம் நசுங்கி, இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கின்றன. நிற்கும் பொருளை அசைக்க ஆகும் இந்த எதிர்ப்புக்கு நிலை உராய்வு என்று பெயர். ஆடிப்பூரத் தேர் நிலையில் நிற்கும்போது அதை முதல் அடி நகர்த்த எத்தனை பேர், எத்தனை தடி, எத்தனை கூப்பாடு! நகர்ந்துவிட்டால் அவ்வளவு வேண்டாம்.

ஆனால் இது மட்டும் நாலரை கிலோ ஆகாது. பெரும்பங்கு எண்ணெயிலிருந்து வருகிறது. உராயாமல் இருக்கப் போட்ட எண்ணெயேதான் காலப்போக்கில் பசையாகிறது. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைத் துடைத்தவர்களுக்கு இது புதிதல்ல. எண்ணெயாக ஏறியது ஒரு வருஷத்தில் விரலில் ஒட்டும் அரக்காகியிருக்கும். சில எண்ணெய்களின் மூலக்கூறுகள் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும். ஆளி விதை எண்ணெய் இதில் முதலிடம், அதனால்தான் அதைப் பெயின்டில் கலக்கிறார்கள். நல்லெண்ணெயும் மெல்ல மெல்லப் பிசுக்காகும். தேங்காயெண்ணெய் அப்படிக் கைகோக்காது, ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் பாட்டிலைப் பார்த்தால் தெரியும். தொழிற்சாலை கிரீஸ்கூட வருஷக்கணக்கில் கிடந்தால் அதிலுள்ள எண்ணெய் வடிந்து, சோப்புப் பகுதி மட்டும் மெழுகாக மிஞ்சும். தினமும் ஓடும் கீலில் இந்தப் பசை உருவாக நேரமே கிடைப்பதில்லை. உரசலே அதைக் கிழித்துக்கொண்டிருக்கும், புது எண்ணெயும் விழுந்துகொண்டிருக்கும்.

அப்புறம் துரு. இரும்பு துருவாகும்போது கரைவதில்லை, பெருக்கிறது. தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். பழைய வீட்டுத் தளத்தில் கம்பி துருப்பிடித்துக் காங்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டு வருவதைப் பார்க்கிறோமே, அதே வேலையைத் தலைமுடி இடைவெளியுள்ள கீலுக்குள் செய்தால் கீல் இறுகாமல் என்ன செய்யும்? பெரியவர் பாசமாக வைத்திருந்த தோல் உறையும் உதவவில்லை. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அதில் மிச்சமிருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் உறைக்குள் போட்டு வைத்தது ஈரத்துணியில் சுற்றி வைத்ததற்குச் சமம்.

கால் சுற்று

மெக்கானிக் தம்பி பெரியவரிடம் கேட்டுக்கொண்டு கீல் போல்ட்டின் பக்கவாட்டுத் திருகை நகத்தால் சுரண்டினார். தேன் நிறத்தில் செதில் செதிலாக வந்தது. மோந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, நல்லெண்ணெய்."

பெரியவர் சிரித்துவிட்டார். "ஆயுத பூசைக்கு ஆயுத பூசை ரெண்டு சொட்டு விட்டேன். தப்பா?"

இன்னொன்றும் கண்ணில் பட்டது. திருகின் தலையில் திருப்புளி வழுக்கிய கீறல்கள். எப்போதோ யாரோ ஆட்டம் காண்கிறது என்று போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். கீலின் இரண்டு கன்னங்களும் நடுவிலிருக்கும் வாஷரை நெருக்குகின்றன.

யூனிட்டில் மிஷின் ஆயிலுக்குப் பஞ்சமில்லை. துணியில் கறை பிடிக்காமலிருக்கத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். மெக்கானிக் தம்பியின் கை நேராக அந்த டப்பாவுக்குப் போனது. எடுத்து, குழலுக்குள் நாலு சொட்டு விடப் போனார். தடுத்தேன்.

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி கையைச் சுடும். காற்றைச் சட்டென்று நெருக்கினால் சூடேறும். டிராக்டரின் டீசல் இன்ஜினில் தீப்பொறிக்கென்று ஒன்றும் கிடையாது. நெருக்கிய காற்றின் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. தென்கிழக்காசியாவில் தீப்பெட்டி வருவதற்கு முன்பே மூங்கில் குழாய்க்குள் உலக்கை மாதிரி ஒரு தண்டை அடித்து இதே வழியில் நெருப்பு உண்டாக்கினார்கள். ஏர் பிஸ்டலின் பிஸ்டன் அறையும் அப்படிப்பட்ட குழாய்தான். உள்ளே லேசான எண்ணெய் இருந்தால் விசையை அழுத்தியதும் டப்பென்று பற்றி, புகை வரும். குண்டு கன்னாபின்னாவென்று போகும், ஸ்பிரிங் முறியும், வாஷர் கருகும். கீலுக்கு எண்ணெய் போடலாம், காற்றறைக்குப் போடக் கூடாது.

தம்பி மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கீலை ஊறவைத்துப் பிசுக்கை எடுத்தார். அரை மணி நேரம் ஆனது, இரண்டு டீயும் ஆனது. சரியான அகலமுள்ள திருப்புளியை அரத்தில் தீட்டிப் பொருத்தி, போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினார். குழல் பக்கவாட்டில் ஆடுகிறதா என்று அசைத்தார். ஆடவில்லை. கீலில் மட்டும் ஊசி முனையளவு கிரீஸ்.

மறுபடி வைஸ், மறுபடி கொக்கி. மடக்கும்போது 7.8, திரும்பும்போது 5.4. கூட்டிப் பாதியாக்கினால் ஸ்பிரிங் 6.6. முன்பு கண்டதிலிருந்து 100 கிராம் வித்தியாசம், வேஸ்ட் துணித் தராசுக்கு அது பெரிய பிழையில்லை. கழித்துப் பாதியாக்கினால் உராய்வு 1.2 கிலோ. ஸ்பிரிங்கை யாரும் தொடவே இல்லை. மூன்று கிலோவுக்கு மேல் காணாமல் போயிருந்தது.

அண்ணாச்சி துப்பாக்கியைக் கையில் வாங்கி, குழல் நுனியைத் தொடையில் தட்டினார். மடங்கியது. நிமிர்த்தினார். திரும்பவும் தட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. பணத்தை எடுக்கச் சட்டைப்பைக்குள் கைவிட்டார்.

பெரியவர் கையை நீட்டித் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். அவரும் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். மடக்கினார், நிமிர்த்தினார், உறைக்குள் போட்டார்.

"டைட்டா இருக்கேன்னுதான் குடுத்துரலாம்னு பாத்தேன்" என்றார். "இப்ப நல்லாத்தான இருக்கு."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தராசைக் கொக்கியோடு பழைய இடத்தில் மாட்டப் போய்விட்டேன். போகிறபோது, அந்தத் தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள் என்று பெரியவரிடம் சொல்லி வைத்தேன்.